நவ்பர் ஆசிரியர் நிறுத்திவைத்த கெசட்

எங்கள் ஊரில் மரணச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் வரும். இறந்தவரை இன்னாரின் மகன் என்று சொல்லி அறிவிப்பார்கள். தகப்பனாரும் காலமாகியிருந்தால் அவருடைய பெயருக்கு முன் ‘மர்ஹூம்’ என்று சேர்ப்பார்கள். சென்ற வாரம் நான் வகுப்பில் நின்றிருந்தபோது அறிவித்தல் தொடங்கியது. தகப்பனாரின் பெயர் வரவேண்டிய இடத்தில், பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தினார் சற்றுத் தயங்கினார். பிறகு அந்தச் சொல்லைச் சேர்க்காமலே சொன்னார்: ஆதம்லெவ்வை அவர்களின் மகன், விஞ்ஞான ஆசிரியர் நவ்பர் அவர்கள் வபாத்தானார்கள்.

மாரடைப்பு என்றார்கள். காலையில் பாடசாலைக்கு வரத் தயாரானவர், சப்பாத்தை மாட்டக் குனிந்தவர் எழும்பவில்லை.

அந்தத் தயக்கத்தின் பொருள் ஊருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நவ்பர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மூத்த சகோதரியாக எண்ணி என்னை ராத்தா என்றே அழைப்பார். காலையில் எங்களோடு கற்பித்தார். பின்னேரங்களில் வீட்டு முன்னறையில் ரெக்கோர்டிங் பார் நடத்தினார். பாட்டுப் பதிய வந்தவர்களைவிடப் பேசிப் பதிய வந்தவர்களே அதிகம். பிள்ளையோ கணவனோ சவூதியில், கத்தாரில். எழுத்தை நம்பாமல் குரலை அனுப்புவார்கள். நவ்பர் இயந்திரத்தை அவர்கள் முன் வைத்து, சிவப்புப் பொத்தானைக் காட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். தனியே விட்டால்தான் மனிசர் உண்மை கதைப்பார்கள் என்பார். ஒருமுறை ஒரு பெண் உள்ளே புருஷனை ஏசிய ஏச்சு வேலிக்கு வெளியே கேட்டது. முடிந்ததும் நவ்பர் உள்ளே போய், “ஒரு பக்கம் காணுமா தங்கச்சி, மற்றப் பக்கமும் வேணுமா?” என்று கேட்டார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாராம்.

வளைகுடா யுத்தம் முடிந்த பிறகு, சவூதியில் இருந்த அவருடைய தம்பி றிஸ்வி ஒரு பாட்டுக் கெசட் அனுப்பினார். அமெரிக்காவின் பழைய இசைக்குழு ஒன்றின் புதிய பாட்டுகள். கூட வேலைசெய்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் வாங்கிப் பிரதி எடுத்தது. நவ்பர் அதைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் போன பிறகு எனக்குப் போட்டுக் காட்டினார். மேளம் இருக்கவேண்டிய இடத்தில் இரும்பை இரும்பால் அடித்தார்கள். கித்தார்கள் அரத்தைப்போல் அறுத்தன. இடையில் சைரன். யுத்தத்தை அறிவிக்கும் ஒரு தலைவரின் குரலை வெட்டி, ஒரு சொல்லை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள்.

“பாருங்க ராத்தா, முதல்ல அது வாக்குறுதி மாதிரிக் கேக்குது. போகப்போகக் கட்டளை. கடைசியில வெறும் மெசின்” என்றார் நவ்பர்.

நான் எதையும் இலேசில் ஒப்புக்கொள்கிறவள் அல்ல. வயது போன பணக்காரர்களின் கோபம், அதையும் கடையில் வைத்து விற்கிறார்கள் என்றேன்.

“ஓம், கடையிலதான். நாம அரிசியும் கடையிலதானே வாங்குறம்?”

அப்போது இராணுவ ஹெலி ஒன்று தாழப் பறந்தது. அது பாட்டுக்குள்ளா வெளியிலா என்று தெரியாமல் இருவரும் இயந்திரத்தைப் பார்த்தோம்.

அடுத்த போகத்தில் நடந்தது இது. அவருடைய வாப்பா ஆதம்லெவ்வை, றிஸ்விக்குப் பேசி அனுப்ப ஆசைப்பட்டார். நவ்பர் வீட்டில் இல்லை. இயந்திரத்துக்குள் கிடந்த கெசட்டை வாப்பா ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். இரும்பு அடியும் சைரனும் கேட்டன. பாட்டெல்லாம் அழிந்துபோய் மெசின் சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, கெசட் பழுது என்று முடிவுசெய்து, சிவப்புப் பொத்தானை அமத்தி அதன்மேலேயே பேசிவிட்டார். நவ்பர் வந்து கேட்டு அவரிடம் கோபித்திருக்கிறார். “பழுதான சாமான ஏன் மகன் பத்திரப்படுத்துற?” என்பதுதான் வாப்பாவின் பதில். மிச்சத்தைப் பிறகு பேசி முடித்ததும் தபாலில் போடலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை வயல் வட்டைக்குப் போனார். வேளாண்மைக்குத் தண்ணீர் கட்டும் காலம். எங்கள் யுத்தத்தின் நடுவே வயற்பாதை அந்த நாட்களில் எப்படி இருந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. வட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

நவ்பர் இராணுவ முகாம்களுக்குப் போனார். ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பிடமும் ஆள் விட்டுக் கேட்டார். வருடங்கள் போயின. குடும்பத்தார் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸாத் தொழுகை வைக்கலாம் என்றார்கள்; இறந்த கணவனுக்காக வெள்ளை உடுத்து உம்மா இத்தா இருக்கலாம் என்று, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காழியாரும் சொன்னார். மூத்த மகனின் சம்மதத்துக்காகக் காத்திருந்தார்கள். நவ்பர் மறுத்தார். “மையித்தக் காட்டுங்க, தொழுறன்” என்றார் தன் தாய்மாமாவிடம். அவருடைய உம்மாவை நான் மாமி என்றே அழைப்பேன். மாமி நிறப் புடவையோடு அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியா விதவையா என்று தெரியாத பெண்ணுக்கு ஊரில் இருக்கை இல்லை. கலியாண வீட்டில் எந்தப் பாயில் போய் உட்காருவது என்றுகூடத் தெரியாது.

அந்தக் கெசட்டை நவ்பர் சில வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுக்குப் போட்டுக் காட்டுவார். நானும் ஒருமுறை கேட்டேன். பழைய இயந்திரம் முன்பிருந்ததை முழுதாக அழிக்காததால், வாப்பாவின் குரலுக்குப் பின்னால் மெல்லிய சைரன் கேட்டுக்கொண்டேயிருந்தது. வீட்டில் பேசிய மனிதர் ஏதோ தொழிற்சாலையின் உள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. வேளாண்மை கதிர் பொதிந்து குடலையில் நிற்கிறது, உம்மாவுக்குக் கால்வலி குறைவு என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: “இப்ப பாங்கு சொல்றாங்க மகன். மிச்சத்தப் பிறகு வந்து கதைக்கிறன்.”

அந்த இடத்தில் நவ்பர் நிறுத்திவிடுவார். எப்போதும் அந்த இடத்தில்தான்.

குரலை மட்டும் வேறு கெசட்டில் பதிந்து வையுங்கள், நாடா தேய்கிறது என்றேன். ஊருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தவர் அவர்.

“எந்த இடத்தில வெட்டுற ராத்தா?” என்று கேட்டார். “வெட்டினா அவர் கதைச்சி முடிஞ்சிட்டார் எண்டாகும்.”



சென்ற வாரம் ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போன பிறகு, வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தோம். மாமி அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, “புள்ள, அந்தக் கெசட்டப் போடுங்க” என்றார். மௌத்து வீட்டில் பாட்டா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாட்டில்லை, அவருடைய குரல் என்றார் மாமி. நான் போட்டேன். குடலை, கால்வலி, பாங்கு, மிச்சத்தை வந்து கதைக்கிறேன். நவ்பரின் விரலைப்போலவே என் விரலும் பொத்தானுக்குப் போனது.

“நிப்பாட்டவா மாமி?”

“வேணாம். ஓடட்டும்.”

இரும்பு இடிக்கத் தொடங்கியது. ஒரு சொல், திரும்பத் திரும்ப. பெண்கள் காதைப் பொத்தினார்கள். மாமி மட்டும் இயந்திரத்தின் பக்கம் சாய்ந்து, அந்த இரைச்சலுக்கு அப்பால் எதையோ எதிர்பார்ப்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் மகன் நிறுத்திய இடத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாட்டு முடிந்தது. அடுத்தது வந்து முடிந்தது. பிறகு நாடாவின் வெறும் இரைச்சல். பொத்தான் டக்கென்று தானாக மேலே வந்தது.

“முடிஞ்சிட்டா புள்ள?”

“ஓம் மாமி. முடிஞ்சிட்டு.”

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “அப்ப எனக்கு வெள்ளைப் புடவை ஒண்டு எடுங்க” என்றார். “இத்தா இருக்கப் போறன்.”

மகனுக்காக எந்தத் தாயும் இத்தா இருப்பதில்லை. யாரும் யாருக்காக என்று கேட்கவில்லை.

கெசட்டை றிஸ்விக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார், அவருக்காகப் பேசியதுதானே. சைரனோடும் இரும்போடும், எந்த இடத்திலும் வெட்டாமல் அனுப்புகிறேன். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நவ்பருக்காகத் துஆக் கேட்டபோது, முஅத்தினார் தயங்காமல் மர்ஹூம் ஆதம்லெவ்வை என்று சொன்னார். இந்த முறை வகுப்பில் அல்ல, என் வீட்டு முற்றத்தில் நின்று அதைக் கேட்டேன். அந்த ஒரு சொல்லை இவ்வளவு காலமும் தனியே தாங்கிப் பிடித்திருந்தவர் நீங்கள், நவ்பர். இனி கையை எடுத்துவிட்டு உறங்குங்கள்.