சும்மா விழாதீங்க சார்

பார்சல் கிடங்கில் பதினாறு வருடமாகப் பெட்டி பிரித்து அடுக்குகிறவள் அவள். மேற்பார்வையாளர் நாற்காலி காலியானபோது, அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருவனைத் தூக்கி அதில் உட்கார வைத்தார் மேலாளர். "உனக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி?" என்று சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. வீட்டில் கதவுகள் படார் படாரென்று சாத்தப்பட்டன.

"எங்கயாவது போய் யாரையாவது அடிச்சிட்டு வாக்கா. எங்களை விட்டுடு," என்றாள் தங்கை.

விளையாட்டாகச் சொன்னதை இவள் நிஜமாக எடுத்துக்கொண்டாள். மருந்துக்கடை மாடியில் நடந்த ஜியு ஜிட்சு மல்யுத்த வகுப்பில் நாற்பத்திரண்டு வயதில் சேர்ந்தாள்.

அங்கே அடிதடி கிடையாது. நிற்பவரைத் தரையில் சாய்ப்பது டேக்டவுன். கீழே மல்லாந்து கிடந்தபடியே, மேலே இருப்பவரைப் புரட்டிப்போட்டு அவர்மேல் ஏறுவது ஸ்வீப். எடை பொருந்தியதால் ஒரு வங்கி அதிகாரியை ஜோடி சேர்த்தார் மாஸ்டர். அவர் தங்கமான மனிதர். அதுதான் வினை. இவள் காலை வைப்பதற்குள் தொப்பென்று விழுந்து, "சூப்பர் மேடம்!" என்பார்.

ஒரு மாதம் பொறுத்தாள்.

"சார், நான் இன்னும் இழுக்கவே இல்ல. எதுக்கு விழுந்தீங்க?"

"பரவால்ல மேடம், புதுசா கத்துக்கிறீங்க..."

மாஸ்டர் ஓடி வந்தார். "நல்ல மனசோடதாம்மா செய்றாரு."

"அந்த நல்ல மனசை அவரே வச்சுக்கட்டும். சும்மா விழாதீங்க சார். நான் தோத்தா தோத்துட்டுப் போறேன்."

அதிகாரியின் முகம் சிவந்தது. அடுத்த முறை முழு எடையையும் அவள்மேல் இறக்கினார். வெறிகொண்டு இழுத்தாள், அசையவில்லை. மறுபடி இழுத்ததில் நகம்தான் பிய்ந்தது.

"கோவத்துல இழுத்தா வரமாட்டாரு. அவரு முன்னால சாயற வரைக்கும் காத்திரு," என்றார் மாஸ்டர்.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளை அமுக்க அவர் முன்னால் சாய்ந்தார். சட்டைக் கையையும் காலரையும் பிடித்து இழுத்து, ஒரு காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே கொடுத்து, மறுகாலால் முழங்காலை வாரினாள். மனிதர் அப்படியே புரண்டார். அவள் மேலே இருந்தாள்.

"கொஞ்சம் அசந்துட்டேன் மேடம்."

"அசராம வாங்க."

அதற்குப் பிறகு ஐந்து முறை மோதினார்கள். நான்கில் அவள்தான் அடியில் கிடந்தாள். ஐந்தாவதில் அவர் மறுபடி புரண்டார், சூப்பர் சொல்லவில்லை.

மறுநாள் புது மேற்பார்வையாளர் லாரிப் பட்டியலைக் குழப்பிவிட்டான். "கொஞ்சம் சரி பண்ணிக் குடும்மா," என்றார் மேலாளர்.

"அது அவரோட வேலை சார்," என்றவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். தன்னை ஏன் ஒதுக்கினார்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தாள். மேலாளர் சிரித்தார். பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை குத்தும்வரை மேசையை விட்டு அவள் நகரவில்லை.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நேற்று அந்த நகலைத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டாள்.