அவசரக்காரி

எனக்கு அந்தப் பாடகியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை ரசிகன் என்று சொல்லிவிடக் கூடாது. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. அந்த நேரத்தில்தான் எங்கள் பின்னறையில் அந்தப் பாடகியின் ரசிகர்கள் கூடுவார்கள். கடைச் சாவி என்னிடம் இருந்ததால் நானும் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

கூட்டத்தைச் சேர்த்தது அக்கா. என் கூடப் பிறந்தவர் இல்லை. கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எல்லோருக்கும் அக்கா, முதலாளிக்கும்கூட அக்காதான். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து, ஃபிரேமைச் சூடு காட்டி இளக்கி, லென்ஸைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துவார். பிறகு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, எங்காவது குத்துகிறதா என்று தடவிப் பார்ப்பார். சின்னக் குழந்தைகள் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கும். அவருக்கு அது பிடிக்கும்.

அக்காவுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். மகள் தவழ்கிற வயதில் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. மிஞ்சிய கரகரப்பைக் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்க முடியும். தேய்க்கிற மெஷின் ஓடும்போது நான் அவர் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். புருஷன் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மகளை வளர்த்தது, படிக்க வைத்தது, கல்யாணம் செய்து கொடுத்தது எல்லாம் அந்தக் கரகரப்பை வைத்துக்கொண்டுதான்.

கூட்டத்துக்கு நிறையப் பேர் வருவார்கள், போவார்கள். நிலையாக வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், எங்களிடமும் திருத்துகிற பேனாவோடுதான் பேசுவார். இன்னொருத்தி செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண். பாடகியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் போதும், குறுக்கே வந்து நின்றுகொள்வாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கவசம்.

வாரம் தவறாமல் ஒரே சண்டைதான். பாடகி பத்து ஆல்பம் போட்டிருந்தாள். எட்டு, ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியவை. நாலாவதும் ஆறாவதும் விற்கவில்லை. விற்காததைக் குறை சொல்லலாமா, கூடாதா? இதற்காக இவ்வளவு தொண்டைத் தண்ணீரை வற்ற வைப்பார்களா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

"எட்டு ஆல்பத்துக்குக் கை தட்டின கை சார் இது. ரெண்டு ஆல்பத்துக்குத் தலையில அடிச்சுக்க இதுக்கு உரிமை இல்லையா?" என்பார் வாத்தியார்.

"உங்க அம்மா ஒருநாள் உப்பைக் கூடப் போட்டுட்டா ஊரைக் கூட்டிச் சொல்வீங்களா?" என்பாள் கவசம்.

"ஊரைக் கூட்ட மாட்டேன். அம்மாகிட்ட சொல்லுவேன். சொல்லலேன்னா நாளைக்கும் அதே உப்புதான்."

இருவரும் மூச்சு வாங்கும்போது அக்கா பக்கம் திரும்புவார்கள். அக்காவின் தீர்ப்பு எப்போதும் ஒன்றே: "பிடிச்சவங்களத்தான் குறை சொல்லணும். அவங்களுக்குத்தான் அது வலிக்காம போய்ச் சேரும்." இதை அவர் கரகரத்துச் சொல்லி முடிக்கும்வரை அறையில் ஒருவர்கூட அசைய மாட்டார்கள்.

ஆறாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஓர் இடம் இருந்தது. வாத்தியங்கள் எல்லாம் நின்று, ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு நாலு பெண்கள் கோரஸாக எடுக்க வேண்டும். அதில் ஒருத்தி அரை நொடி முந்திக்கொண்டு வந்துவிடுவாள். அந்த அரை நொடிக்கு அவள் குரல் மட்டும் தனியாக நிற்கும். அவளுக்கு வாத்தியார் வைத்த பெயர் அவசரக்காரி. கூட்டத்துக்கு யாராவது சீக்கிரம் வந்தால், "என்ன, அவசரக்காரி வந்தாச்சா?" டீக்குக் கையை முதலில் நீட்டினால், "பொறு அவசரக்காரி." அந்த ஆல்பத்தில் எவ்வளவு அலட்சியம் என்பதற்கு வாத்தியாரின் முதல் சாட்சியே அவள்தான். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார்.

அந்த அவசரக்காரி அக்காதான்.

ஒருநாள் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் அவராகவே என்னிடம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் கோரஸ் பாடப் போய்க்கொண்டிருந்தாராம். ஒரே மைக்கைச் சுற்றி நாலு பேர், ஒரு காதில் ஹெட்ஃபோன், இன்னொரு காது திறந்து. அந்த மௌனம் வந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டதாம். பொறுக்க முடியவில்லையாம். இசையமைப்பாளர் பென்சிலை வீசிவிட்டு, "மறுபடியும்!" என்று கத்தினாராம். ஸ்டுடியோவின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாடகி, "இருக்கட்டும் விடுங்க. யாரோ ஆசையா ஓடி வர்ற மாதிரி இருக்கு" என்றாளாம். ஓடி வந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கேசட் அட்டையில் கோரஸ்காரர்களின் பெயரும் போடவில்லை. இசையமைப்பாளர் அதற்குப் பிறகு அக்காவைக் கூப்பிடவே இல்லை.

"இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா! வாத்தியார் வாயடைச்சுப் போயிருப்பாரே."

"சொல்லத்தான் நினைச்சேன் தம்பி. முதல் நாளே அவர் அந்தப் பேரை வச்சுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். சிரிச்ச பிறகு எப்படிச் சொல்றது?"

மகளுக்கும் தெரியாது. அம்மா பேசியே சரியாகக் கேட்காத பெண்ணிடம், அம்மா பாடினாள் என்று சொன்னால் ஆதாரம் கேட்பாளே. ஆதாரமாக ஊர் சிரிக்கிற அரை நொடியைக் காட்டுவதா? அந்தப் பாட்டுக்கு ஒரு நல்ல பெயர் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஆனால் தனியாக இருக்கும்போது கேட்பாராம். குரல் போன புதிதில் தினமும் கேட்டிருக்கிறார். கேசட்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் திருப்பி, மறுபடி போட்டு, மறுபடி திருப்பி. நாடா அந்த இடத்திலேயே தேய்ந்து ஒருநாள் அறுந்துவிட்டது. ஒட்டுப்போட்டுப் பார்த்திருக்கிறார். ஒட்டியதில் போனது அந்த அரை நொடிதான். விற்காத ஆல்பத்துக்கு இன்னொரு கேசட் எங்கே கிடைக்கும்? பல வருஷம் அது இல்லாமலே இருந்தார். பிறகு செல்போனில் பாட்டெல்லாம் வந்தது. கவசம்தான் அவருக்குத் தேடி எடுத்துக் கொடுத்தாள், எதற்கு என்று தெரியாமலே. அன்று அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார், "தம்பி, இது தேயாதுல்ல?"

தேயாது என்று சொன்னேன். படித்தவன் என்று என்னை நம்பினார்.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது. பாடகியின் நிறுவனம் ஆறாவது ஆல்பத்தைச் சரிசெய்து மறுபடி வெளியிடப் போகிறது. செல்போனில் கேட்கிற பழையதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதைப் போடுவார்கள். என்னென்ன மாற்றலாம் என்று ரசிகர் கூட்டங்களே சொல்லலாம். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் உட்கார இடமில்லை.

வாத்தியார் எடுத்த எடுப்பிலேயே, "முதல்ல அந்த அவசரக்காரியத் தூக்கணும்" என்றார்.

"அவ இல்லேன்னா அது ஆறாவது ஆல்பமே இல்ல சார்" என்று கவசம் எழுந்து நின்றாள். "இவ்வளவு நாளா கிண்டல் பண்ணி அவளை நம்ம வீட்டு ஆளாவே ஆக்கிட்டீங்க. இப்ப வெளியே போன்னா எப்படி?"

"தப்பு தப்புதானேம்மா. அக்கா, நீங்க சொல்லுங்க."

அக்காவின் கையில் வாத்தியாரின் கண்ணாடி இருந்தது. கழன்ற திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் வாத்தியாருக்கு எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. அக்காவின் முகம் போன போக்கை அதனால் அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுத்துடச் சொல்லுங்க" என்றார் அக்கா. "தப்பு தப்புதான்."

எல்லோரும் போன பிறகு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கு என்ன பைத்தியமா? இன்னொரு தடவை பாடப் போறீங்களா நீங்க? இருந்தது அது ஒண்ணுதானே!"

"கத்தாத தம்பி." திருகாணிகளைப் பொறுக்கி டப்பியில் போட்டார். "வேற யார் குரலா இருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். என் குரல்ங்கிறதுக்காக விட்டா, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு ஆயிடாதா? ஊர்க் குறையை மட்டும்தான் சொல்லணுமா?"

"நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"வாயைத் திறந்தே, நாளைலேருந்து கடைக்கு வர மாட்டேன்."

செய்வார் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். ஊரில் உள்ள எல்லாக் கூட்டமும் அதையேதான் சொன்னது, நாங்கள் சொல்லாவிட்டாலும் எடுத்திருப்பார்கள் என்று பிறகு அவரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

புதியது வந்த ஞாயிறு, எல்லோரும் சேர்ந்து கேட்டோம். அந்த மௌனம் வந்தது. பிறகு நாலு பேரும் ஒன்றாக, சுத்தமாக எடுத்தார்கள். நாலு குரல் சேர்ந்துவிட்டால் எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. வாத்தியார், "இப்பதான் பாட்டு" என்றார். கவசம் மட்டும், "பெருக்கித் துடைச்ச வீடு மாதிரி இருக்கு. ஆனா ஆள் இல்ல" என்றாள். அக்கா, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் மெஷினைப் போட்டார். கடை மூடிய நேரத்தில் தேய்க்க என்ன இருக்கிறது? போய்ப் பார்த்தால் லென்ஸே வைக்காமல் மெஷினை ஓட விட்டு நின்றுகொண்டிருந்தார்.

மாதங்கள் போயின. மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒரு ஞாயிறு அம்மாவை அழைத்துப் போகக் கடைக்கே வந்துவிட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. ஆளாளுக்கு வாங்கித் தோளில் போட்டுப் பார்த்தோம். வாத்தியாரின் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்ததுதான் மிச்சம்.

"பாட்டி பாடினா நிறுத்தும். பாடுங்கக்கா" என்று கவசம் விளையாட்டாகச் சொன்னாள்.

மகள் சிரித்தாள். "எங்கம்மாவா? எங்கம்மா பாடி நான் கேட்டதே இல்ல. மத்தவங்க அம்மாவெல்லாம் பாடித் தூங்க வைப்பாங்களாம். எங்கம்மா முதுகைத் தட்டுவாங்க, அவ்வளவுதான்." குறையாகச் சொல்லவில்லை அவள். அப்படித்தான் இருந்தது என்று சொன்னாள்.

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். "நான் பாடியிருக்கேன்" என்றார்.

"எப்ப?"

"நீ பொறக்கிறதுக்கு முன்னாடி. ஆறாவது ஆல்பம். கடைசிப் பாட்டு."

வாத்தியார் தரையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "என்னம்மா இது, இத்தனை நாள் சொல்லவே இல்ல!" என்று போனை எடுத்துத் தேடிப் போட்டாள். பாட்டு ஓடியது. குழந்தை அழுகையை நிறுத்திப் போனைப் பார்த்தது. வாத்தியங்கள் நின்றன. மௌனம் வந்தது. அக்கா ஒரு விரலைத் தூக்கி, "இங்க" என்றார்.

அங்கே ஒன்றும் இல்லை. பிறகு நாலு பேரும் சுத்தமாக எடுத்தார்கள்.

"எங்கேம்மா? எது நீ?"

"இப்ப இல்ல. எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். அக்கா அவரை முந்திக்கொண்டார். "நான்தான் எடுக்கச் சொன்னேன். தப்பா இருந்துச்சு. கொஞ்சம் முன்னாடி வந்துட்டேன்."

மகள் அம்மாவையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "தப்பாவே இருந்துட்டுப் போகட்டுமேம்மா. நான் கேட்டிருப்பேன்ல."

அந்த அறையில் இத்தனை வருஷமாக நடந்த அத்தனை வாதத்திலும் இதை ஒருவரும் சொல்லவில்லை. வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கவசம் வாய்விட்டே அழுதாள்.

தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மகள் மறுபடி போட்டாள். போனைக் காதோடு வைத்துக்கொண்டு அந்த இடத்துக்காகக் காத்திருந்தாள். மௌனம் வந்தது. அக்கா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அரை நொடி முன்னாலேயே வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எடுத்தார்கள்.