ஆண்டாயியின் நாற்காலி

ஆண்டாயிக்குத் தன் நிழல்மேலேயே சந்தேகம் என்று அந்தப் பெண்கள் கல்லூரியில் சொல்வார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருக்கும் அந்தக் கல்லூரியின் கேட்டில் பல வருஷமாக அவள்தான் செக்யூரிட்டி. உள்ளே போகிற பையையும் துழாவுவாள், வெளியே வருகிற பையையும் துழாவுவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைக்கூட முகர்ந்து பார்ப்பாள். "என் கேட்டுல ஒரு குண்டூசி காணாம போனதில்ல" என்பது அவளுடைய பெருமை. அது உண்மைதான்.

சந்தேகத்துக்குக் காரணம் பயம். வெங்காயக் காட்டில் குனிந்து களையெடுத்தே பாதி ஆயுசைக் கழித்தவள். உட்கார்ந்து சம்பளம் வாங்கியது இந்த இரும்பு நாற்காலியில்தான். அவளுக்கு முன்னால் இதில் உட்கார்ந்திருந்த மாயவனை ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்காலிக்கு அடியில் குவாட்டர் பாட்டில் கிடந்ததாம். "எவனோ கொண்டாந்து வச்சிட்டான் சார்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதது எடுபடவில்லை. அதனால் ஆண்டாயி தினமும் காலையில் நாற்காலிக்குக் கீழே தரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

போன ஆடியில் பிள்ளைகளின் போக்கு மாறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் நின்று "குட்மார்னிங்க்கா" என்றார்கள். ஒருத்தி அவள் காலடியில் பேனாவைத் தவறவிட்டாள். இன்னொருத்தி ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தாள்; போட்டிருந்ததோ செருப்பு. ஆண்டாயி டீ குடித்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியை விட்டு இரண்டு பேர் சட்டென விலகிச் சிரிப்பை அடக்கினார்கள். கம்ப்யூட்டர் படிக்கும் தென்றல் செல்போனும் கையுமாகக் கேட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஆண்டாயி அதிகம் துழாவியது அவள் பையைத்தான். பழிவாங்கப் பார்க்கிறாளோ என்று ஆண்டாயிக்குத் தோன்றியது.

ஒரு மத்தியானம் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாள். இருக்கைக்கு அடியில், காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. ஊரார் டப்பாவையெல்லாம் திறந்து பார்ப்பவளுக்கு அதைத் திறக்கக் கை வரவில்லை. கஞ்சாவோ காமிராவோ, எதுவானாலும் போகப்போவது தன் வேலைதான். முந்தானையில் மறைத்துக்கொண்டு போய், கேன்டீனுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த குப்பையில் போட்டுவிட்டாள்.

மறுநாள் தென்றல் வந்து நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் தடவினாள். முகம் மாறிவிட்டது.

"அக்கா, இங்க ஒரு டப்பா இருந்துச்சே, பாத்தீங்களா?"

"எதுக்குடி வச்ச அதை?"

"ஜியோகேச்சுக்கா. புதையல் தேடற வெளையாட்டு. எடத்தை நெட்டுல போட்டிருக்கோம். செல்லைப் பாத்துத் தேடி வரவங்க, உள்ள இருக்கற காயிதத்துல பேரு எழுதிட்டு, எடுத்த எடத்துலயே வச்சிட்டுப் போவணும்."

"இம்மாம்பெரிய காலேஜுல என் நாக்காலிதான் கெடச்சுதா ஒனக்கு?"

"வேற எங்க வச்சாலும் எவளாச்சும் தூக்கிட்டுப் போயிடுவா. ஒங்க கேட்டுல ஒண்ணும் காணாம போவாதுன்னுதான் இங்க வச்சோம்."

ஆண்டாயிக்கு அவமானமாக இருந்தது.

"நாந்தான் பாப்பா நெருப்புல போட்டுட்டேன்."

தென்றல் "பரவால்லக்கா" என்று சொல்லி, வழக்கம்போலப் பையைத் திறந்து நீட்டினாள். ஆண்டாயி அதைத் தொடாமலே போகச் சொன்னாள்.

இப்போது அவள் தரையைப் பார்ப்பதோடு விடுவதில்லை. தினமும் காலையில் இருக்கைக்கு அடியிலும் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறாள். பிள்ளைகள் இன்னும் புது டப்பா எதையும் வைக்கவில்லை.