மேலே 'நீ', கீழே 'நீங்க'

என் அப்பா ஸ்கெண்டர் மலையுச்சியில், கேபிள் கார் நிலையத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் சுவிஸ் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் ஏறிவிட்டால் மருத்துவரோ முதலாளியோ, எல்லோரும் ஒருவருக்கொருவர் 'நீ'தான். கீழே இறங்கியதும் 'நீங்க' திரும்பிவிடும். கோசோவோவிலிருந்து வந்த அப்பா இந்த ஊர் மொழியைக் கற்றதே மேலேதான். அதனால் அவர் வாயில் 'நீங்க' நிற்பதில்லை.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்த பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். என் பெயரும் அதே விண்ணப்பத்தில்தான். பள்ளியை முடித்துவிட்டேன், போலீஸ் பயிற்சியில் சேரக் குடியுரிமை வேண்டும். ஊர்க் குழு நேரில் கேள்வி கேட்ட பிறகே முடிவு செய்யும். அந்தக் குழுவில் இம்ஹோல்ஸ் அம்மையார் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைக்கூட 'நீங்க' என்றே அழைப்பவர்.

ஊர் மன்றத்தின் படியில் அப்பாவை நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை சொல்லுப்பா."

"'நீங்க சொல்றது சரிதான் மேடம்.' போதுமா டீச்சரம்மா?"

"சிரிக்காத. ஒரு 'நீ' வந்துச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

குழுத் தலைவர் கிஸ்லர் தேர்தலைப் பற்றியும் வரியைப் பற்றியும் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் அப்பா உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பிறகு இம்ஹோல்ஸ் அம்மையார் நிமிர்ந்தார்.

"எப்பவும் மேலயேதான் இருக்கீங்க. இந்த ஊர்க்காரங்களோட உங்களுக்கு என்ன பழக்கம்?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "என்ன இப்படிக் கேக்கற? உனக்கே தெரியாதா?"

கிஸ்லர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நான் மேசைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தேன். தாமதமாகிவிட்டது.

"நாம எப்பலேருந்து 'நீ, வா, போ'ன்னு பேசிக்கறோம்?" என்றார் அம்மையார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. "மன்னிச்சிடுங்க மேடம். போன பிப்ரவரியில காத்தடிச்சு நீங்க ஏறின கேபின் நடுவழியில நின்னுச்சே, அன்னிக்குத்தான். 'ஸ்கெண்டர், போனை வச்சிடாதடா'ன்னு நீங்கதான்... நீங்க இறங்கற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தேன். அதைத்தான் பழக்கம்னு நெனச்சேன்."

கிஸ்லர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மையார் சிரிக்கவில்லை.

"அது மேல. மேலன்னா 'நீ', இங்க 'நீங்க'. குடிமகன் ஆகப்போறவருக்கு இது தெரிய வேணாமா?"

கிஸ்லர் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். அம்மையாரின் காது சிவந்தது. "வேற கேள்வி இல்ல" என்று காகிதங்களை அடுக்கினார்.

வெளியே வந்ததும் அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்துட்டேன், லிரியே. உன் வேலையும் போச்சு."

"அவங்க கடைசியா சொன்னதைக் கேட்டியாப்பா?"

"திட்டினாங்க."

"'ஆகப்போறவர்'னு சொன்னாங்க. 'ஆக ஆசைப்படறவர்'னு சொல்லல."

அந்த வார்த்தையை அப்பா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். நம்பப் பயப்படுகிறார் என்று தெரிந்தது.

கதவு திறந்தது. மேலங்கியின் பொத்தானைப் போட்டபடி அம்மையார் எங்களைக் கடந்தார். இரண்டு படி இறங்கி நின்றார்.

"நாளைக்கு மேல காத்து எப்படி இருக்கும்?"

அப்பா துள்ளி எழுந்தார். "காத்தே இருக்காது மேடம். நீங்க தைரியமா வரலாம்."

இம்முறை 'நீங்க' தடுமாறவில்லை.