மூன்று வெள்ளிக்கிழமைச் சொதி

பிரேமலதாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், முதல் வார்த்தை அவள் அரைத்து விற்கும் இட்லி மாவு. மீதி மூன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் செண்பகவல்லி. தாராவியில் குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த பில்டிங்கில் நான்காவது மாடியில் இருக்கிறேன். வாசலை ஒட்டித் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். ஒரு பக்கம் பிரேமலதா வீடு, மறுபக்கம் பொன்செல்வி வீடு, நடுவில் நான். இரண்டு பக்கமும் என்ன பேசினாலும் என் மிஷின் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டுவிடும். நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை. சுவர் அவ்வளவு மெல்லிசு.

பிரேமலதாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், லிஃப்ட்டை வாட்ச்மேன் வேண்டுமென்றே நிறுத்துகிறான், கேஸ் சிலிண்டரில் பாதிதான் இருக்கிறது, இப்படித்தான் அவளுக்குப் பொழுது விடியும். யார் வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். தட்டில் வைத்தால் என்ன எண்ணெய், எப்போது அரைத்தது, யார் கை வைத்தது என்று விசாரிப்பாள். விசாரணை முடிவதற்குள் தோசை ஆறிப்போகும். மத்தியானம் வேலை ஒழிந்து நாங்கள் நடைபாதையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். அதில் யாருக்காவது அடுத்தடுத்துத் தாயம் விழுந்துவிட்டால் போதும், கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரும், ஆனால் பாவமும் உண்டு. அம்பாசமுத்திரத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் மாடி வீடு என்று தரகர் சொல்லியிருக்கிறார். வந்து பார்த்தால் கோலி என்கிற ஒற்றை அறைக்குள்ளே ஒரு இரும்பு ஏணி, மேலே நிமிர்ந்து உட்கார முடியாத ஒரு பலகைத் தட்டு. அதுதான் மாடி. அவள் புருஷன் இசக்கிதுரை அண்ணன் தோல் பட்டறையில் உழைக்கிற நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்த ஏணியில் முதல் தடவை ஏறிய அன்று தொலைத்த நம்பிக்கையை அவள் திரும்பத் தேடவே இல்லை.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவள் மகன் ஹரி. பாந்த்ரா பக்கம் ஒரு ஆபீஸில் வேலை. மழை பெய்கிறது என்று அவன் சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்க்காமல் காயப்போட்ட துணியை எடுப்பாள்.

அவனுக்குப் பெண் பார்த்த கதையை இந்த மாடி மறக்காது. கோவண்டியில் ஒரு பெண். வீட்டில் புதுத் திரைச்சீலை தொங்கியது, அதற்குப் பின்னால் எதை மறைக்கிறார்கள் என்று கேட்டு வேண்டாம் என்றாள். மாஹிமில் ஒரு பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் பெண்ணின் அப்பா டக்கு டக்கென்று பதில் சொன்னார், மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார் என்று எழுந்து வந்துவிட்டாள். ஹரி ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதுவும் சொல்லாத பையன்.

பொன்செல்வி அவளுக்கு இருபது வருஷத் தோழி. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக மகள் முத்துமாரியை வளர்த்தவள். முத்துமாரி சயானில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில், தாயம் ஆடிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் கேட்கப் பிரேமலதா சொன்னாள்: “உம்மவ ஆட்டோவ பில்டிங் வாசல் வரைக்கும் விடாம சிக்னல்லயே எறங்கி நடந்து வாராளே, உள்ள யாரு இருக்கா?” பொன்செல்வி முகம் செத்துப்போனது. காயை நகர்த்திவிட்டு ஆட்டம் முடியும்வரை இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது.

அக்டோபர் வந்தது. மழை போய் வெயில் ஏறியது. சாயங்காலமானால் தெருவில் தாண்டியாப் பாட்டு, பகலில் அடுப்படியில் நிற்க முடியாத புழுக்கம். பொன்செல்வி தாயத்துக்கு வருவதை அடியோடு நிறுத்தினாள். கேட்டால் தலைவலி என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை முத்துமாரி கழுத்தை மூடிய சுடிதாரும், அதற்கு மேல் சுற்றிய துப்பட்டாவுமாக வேலைக்குப் போனாள். பிரேமலதா என் மிஷின் பக்கத்தில் வந்து குந்தினாள். இந்த வேக்காட்டில் எந்தக் குமரி கழுத்தை மூடுவாள் என்று கேட்டாள். ஏசி ரூமில் வேலை, குளிரும் என்றேன். ஏசி சயானில்தானே இருக்கிறது, லிஃப்ட்டில் இல்லையே என்றாள். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன்.

அதைக் கேட்டுவிட்டு அவள் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தவள் நேராக என் வாசலில் நின்றாள். கையில் பை, நெற்றியில் வியர்வை, மூக்கு மட்டும் மேலே தூக்கியிருந்தது.

“ஏட்டி செண்பகம், வாசனை வருதா?”

வந்தது. தேங்காய்ப்பால், வெந்த பாசிப்பருப்பு, கடைசியில் பிழிந்த எலுமிச்சை, கூடவே வதக்கிய இஞ்சி. சொதியும் இஞ்சித் துவையலும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் வைக்கிற சாப்பாடு. புளி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது. மூன்று தரம் தேங்காய்ப்பால் எடுக்க வேண்டும். ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில், ஒற்றைப் பெண்பிள்ளை வீட்டில், இந்தப் புழுக்கத்தில் எவளும் அந்த வேலைக்கு உட்கார மாட்டாள்.

ஆசையாக இருந்திருக்கும், வைத்திருப்பாள் என்றேன். பிரேமலதா என்னைப் பார்த்த பார்வையில் நான் அரைப் பைத்தியமாகிவிட்டேன். முத்துமாரிக்கு யாருக்கும் தெரியாமல் தாலி ஏறிவிட்டது, அந்தத் தாலிக்குத்தான் துப்பட்டா, இன்றைக்கு மாப்பிள்ளை வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறான் என்று ஒரே மூச்சில் முடித்தாள். அவளுக்கு ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது, அந்த மாப்பிள்ளை யார். எவனோ ஒருவன் ஏமாற்றிக் கட்டியிருந்தால் என்ன கதி என்று கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியது. தன் ஏணியைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷமே, இருபது வருஷம் பழகி என்னிடம் மறைத்துவிட்டாளே மூதி என்று பல்லைக் கடித்தாள்.

அன்று ராத்திரி ஹரி பசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டானாம். ஆபீஸ் கேண்டீன் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கிறது என்று மறுநாள் கேண்டீன்காரனைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சொதி மணத்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மாப்பிள்ளைக்கு எத்தனை மறுநாள்? பிரேமலதா துப்பறிய ஆரம்பித்தாள். கீழே கேபிள் கடை வைத்திருக்கும் ராஜகுமார் வைஃபை சரிபார்க்க இரண்டு தடவை பொன்செல்வி வீட்டுக்கு ஏறி வந்திருந்தான். போதாதா? அவனைக் கடை வாசலில் மடக்கி, எந்த ஊர், என்ன நட்சத்திரம், சொந்த வீடா என்று கேட்டாள். வயர் வாங்க வந்தவர்கள் முன்னால் கேட்டதில் அந்தப் பையன் பாவம், வெட்கப்பட்டுப் போனான். அந்த வெட்கமே சாட்சி என்றாள் இவள்.

அதோடு விட்டாளா? ராஜகுமாரைப் பற்றி விசாரித்து வரச்சொல்லி ஹரியை அனுப்பினாள். சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அவன், “விடும்மா, அவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்கு” என்றான். என் மகனுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை என்று மறுநாள் என்னிடமே பெருமைப்பட்டுக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. மாடி முழுக்கக் கந்தில் என்கிற காகித விளக்குக் கூண்டுகள் கட்டியிருந்தார்கள். பதினோரு மணிக்கே மறுபடியும் தேங்காய்ப்பால் வாசனை. பிரேமலதா இரண்டு பாக்கெட் மாவோடு வந்து என்னை மிஷினிலிருந்து எழுப்பினாள். மாவு கொடுக்கிற சாக்கில் உள்ளே போவோம், இன்றைக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விட மாட்டேன் என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள். சவத்தைப் போய்த் தொலைவோம் என்று போனேன். எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே ஆண் செருப்பு இல்லை, ஆளும் இல்லை. கூடத்தில் ஒரே ஒரு வாழையிலை போட்டிருந்தது. பக்கத்தில் செம்பில் தண்ணீர். இலையில் உருளைக்கிழங்கு வறுவல், துவையல், ஓரத்தில் உப்பு. முன்னால் ஒரு பலகை. அதற்கு எதிரே பொன்செல்வி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அழுத கண்.

பிரேமலதா மாவைக் கீழே வைக்கவே இல்லை.

“மாப்பிள்ளை எங்கட்டி? யாருக்கு இந்த இலை?”

“மாப்பிள்ளைக்கு மொத வாரமே போட்டாச்சு. இது மாப்பிள்ளையப் பெத்தவளுக்கு. அன்னைக்கே போட்டிருக்கணும், தைரியம் வரல. போன வாரமும் இலைய விரிச்சிட்டுக் கூப்பிட வாசல் வரைக்கும் வந்தேன், திரும்பிட்டேன்.” பொன்செல்வி கும்பிட்டாள். “இன்னைக்கு நீங்களே வந்துட்டீக. உக்காருங்க மைனி.”

இருபது வருஷமாக வாடி, போடி, லதா என்று கூப்பிட்ட வாய். எங்கள் பக்கத்தில் சம்பந்திக்காரிகள் ஒருவரையொருவர் மைனி என்று கூப்பிடுவார்கள். மாவு பாக்கெட் ஒன்று பிரேமலதா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“எம்மவனா?” என்றாள்.

பொன்செல்வி தலையாட்டினாள். முதல் சொதிக்கு முந்தின வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்திருக்கிறது. மறுநாள் பிரேமலதா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து ஹரி வந்து சாப்பிட்டிருக்கிறான். சிக்னலில் நின்ற ஆட்டோவுக்குள் இருந்தவனும் அவன்தான். முத்துமாரி இறங்கி நடந்து வருவாள், அவன் அதே ஆட்டோவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் பிரேமலதா.

“நான் சொல்லத்தான் சொன்னேன். உங்க மகன்தான் வேண்டாம்னாக. அம்மா எந்தப் பிள்ளையயும் நம்பாது அத்தை, முத்துவயும் ஒரு கேள்வி கேட்டு அழவச்சு அனுப்பிரும், முடிச்சிட்டுச் சொல்லுவோம்னாக.”

இனி இந்த மாடியே இரண்டாகப் போகிறது என்று நான் கதவைச் சாத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிரேமலதா சேலையை ஒதுக்கிப் பலகையில் உட்கார்ந்தாள். செம்பை எடுத்துக் கை கழுவினாள். பொன்செல்வி சோறு வைத்துச் சொதியை ஊற்றினாள்.

என்ன எண்ணெய் என்று அவள் கேட்கவில்லை. எப்போது அரைத்தது என்று கேட்கவில்லை. பிசைந்து வாயில் வைத்தாள். நான்கு வாய் சாப்பிட்ட பிறகு கை நின்றது.

“அன்னைக்கு நல்லா சாப்பிட்டானா?”

“ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாக.”

“ராத்திரி வந்து பசிக்கலம்மான்னான்.” இலையைப் பார்த்தபடியே சொன்னாள். “பால்காரனச் சந்தேகப்பட்டேன், கட்டுன புருசனச் சந்தேகப்பட்டேன், ஒன்னயும் விடல. இந்த ஊர்ல நான் கேள்வி கேக்காம நம்புனது அவன் ஒருத்தனத்தாம் பிள்ள.”

பொன்செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிரேமலதா கண்ணைத் தோளில் துடைத்துவிட்டு, சோற்றில் குழி செய்து இலையை முன்னால் தள்ளினாள்.

“ஊத்துங்க மைனி” என்றாள்.