ஆயாம்மா வாங்கிய சத்தியம்

குடிநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டுபவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். இவர்களோ காலையில் வந்ததும் வராததுமாக எட்டு மணி நேரத்துக்கும் எட்டுக் கையெழுத்தை வரிசையாகப் போட்டு வைத்துவிடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆள் இருப்பானா மாட்டானா, யார் கண்டது? ஆனால் மூன்று மணிக் கையெழுத்து காலை ஏழுக்கே அங்கே உட்கார்ந்திருக்கும். நம்ம மோட்டார்காரர் முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் ஓட்டினார். ஒரு மோட்டாரும் எரியவில்லை, ஒரு அதிகாரியும் கேட்கவில்லை.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாம்மா. இருபத்திரண்டு வருஷமாக ஐ.சி.யூ. வார்டுதான். தரை துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, மூச்சு மெஷின் குழாயை வாயில் வைத்துப் படுத்திருப்பவர்களுக்கு உதட்டோரம் துடைத்துவிடுவது எல்லாம் அவள் வேலை. நர்ஸுகளே அவளைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார்கள், அவ்வளவு வாய்த்துடுக்கு. வீட்டில் மோட்டார்காரரும் அவளை ‘ஆயாம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இங்க பாருங்க, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தக் குழாயை மட்டும் வாயில வைக்க விடாதீங்க. போற உசுரு போகட்டும். சத்தியம் பண்ணுங்க.”

“அடிப்பாவி, சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?”

“சாப்பிட்டுட்டே பண்ணுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.”

அவர் கை கழுவிக்கொண்டு வந்து சத்தியம் செய்து கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “எமனுக்கே நாள் குறிச்சுக் குடுக்கற குடும்பம் நம்மளுதுதான்” என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு நாள் காலையில் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அங்கேயே விழுந்தாள். அதுவரை அவள் விரிப்பு மாற்றிய கட்டில்களில் ஒன்றிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். போன் வந்ததும் மோட்டார்காரர் கை கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார். வாசலில் இருந்த பெண் ஒரு கத்தைத் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் குறி போட்டிருந்தது.

“படிச்சுப் பாத்துப் போடுங்கய்யா” என்றாள் அந்தப் பெண். நல்ல பெண்தான், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

“நீங்க சொன்னா சரிதாம்மா” என்று சொல்லி, குறி இருந்த இடத்திலெல்லாம் கடகடவென்று போட்டுத் தள்ளினார். முப்பத்தோரு வருஷத்துக் கை, அது பாட்டுக்கு ஓடியது. ஏழாவது தாள் குழாய் வைக்கச் சம்மதம். உள்ளே போய்ப் பார்த்தபோது குழாய் அவள் வாயில் இருந்தது. ‘ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்’ என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் பதினோரு நாள். இன்றைக்கு வார்டு டாக்டரம்மாவிடம் சத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்புவார். “இன்னிக்கு ஒரு நாள் பொறுங்கப்பா” என்று மகள் காலைக் கட்டிக்கொள்வாள். அவரும் பொறுப்பார். உண்மையைச் சொன்னால், மகள் தடுத்ததில் அவருக்கு நிம்மதிதான். மார்பு ஏறி இறங்குகிறதே, கை சூடாக இருக்கிறதே, அதுவும் போய்விட்டால் வீட்டுக்குப் போய் யாரிடம் பேசுவது?

பதினோராம் நாள் டாக்டரம்மாவே கூப்பிட்டுப் பேசினார். “மூளையில ரத்தக் கசிவு அதிகம். எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இனிமே கண் திறக்க மாட்டாங்க. மூச்சும் மெஷின் தயவுலதான்.”

அப்போதுதான் சத்தியத்தைச் சொன்னார். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றார் டாக்டரம்மா. “எடுத்துடுங்கம்மா, தாளைக் குடுங்க” என்று அவர் கையை நீட்டினார்.

இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை ஒவ்வொரு வரியாக இரண்டு தரம் படித்தார். ‘எடுத்தபின் மரணம் நேரலாம்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். குழாயை எடுத்தார்கள். அரை மணி நேரம் தாங்கும், மிஞ்சினால் ஒரு ராத்திரி என்றார்கள். கூட வேலை பார்த்த ஆயாக்கள் ஒவ்வொருத்தராக வந்து அழுதுவிட்டுப் போனார்கள். மகள் அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அரை மணி போனது. ராத்திரியும் போனது. அவள் மூச்சு மட்டும் போகவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தாள். “நாங்க நினைச்சது தப்பாயிடுச்சு, இப்படியும் நடக்கும்” என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். ஆயுசு கெட்டி என்று வார்டே கொண்டாடியது. மோட்டார்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அழுகை நின்றதும் அவரைப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இடது கை, இடது கால் வராது. குரல் கரகரவென்று உடைந்திருந்தது. குழாய் விஷயத்தை மூச்சு விடக்கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் பார்த்த மனுஷன்!

இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள். “எத்தனை நாளுங்க?”

“என்னது?”

“குழாய்தான். இந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா? எத்தனை பேரு இப்படிப் பேசிக் கேட்டிருக்கேன்.”

“பதினோரு நாளு” என்றார். பிறகு கத்தைத் தாள், பென்சில் குறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டால், அவளுக்குப் பாதி வாயில் சிரிப்பு வந்தது.

“அங்கயும் மொத்தமாவா போட்டீங்க? கர்மம், கர்மம்!” இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள். அப்பாடா, பிழைத்தோம் என்று அவருக்கு உயிர் வந்தது.

“அப்புறம் எடுக்கச் சொன்னது யாரு? டாக்டரம்மாவா?”

“நான்தான். நீ சொன்ன மாதிரியே” என்றார் அவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சிரிப்பு நின்றது.

“எடுத்தா நான் போயிடுவேன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“இந்தத் தடவை படிச்சுப் பாத்துதான் போட்டேன்.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமில்ல?” என்றாள்.

“நீதானே சத்தியம் வாங்கினே?”

“வாங்கினேன். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

வைத்ததும் தப்பு, எடுத்ததும் தப்பு என்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லையே. நல்லா இருக்கும்போது சாவைப் பற்றி யார்தான் வீரம் பேச மாட்டார்கள்?

அதன்பிறகு அவள் சண்டை போடவில்லை. அவர் கையால்தான் சாப்பிட்டாள், அவர்தான் உடம்பு துடைத்துவிட்டார். ஆனால் அவர் அறைக்குள் வரும்போதெல்லாம், யாரோ புது ஆள் வந்த மாதிரி ஒரு நிமிஷம் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் தலை சீவிவிட்டபோது கேட்டேவிட்டார். “மறுபடி ஏதாவது வந்தா நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லிடு. இந்தத் தடவை தப்பாது.”

அவள் பின்னலை முன்னால் இழுத்துத் தடவிப் பார்த்தாள். அப்புறம், “யோசிச்சுச் சொல்றேங்க” என்றாள்.

“எப்போ?”

“அவசரப்படுத்தாதீங்க. இங்க என்ன, மோட்டாரா ஓடுது?”

அவர் காத்திருந்தார். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் வேறு எதையாவது பேசுவாள். வாளி ஒழுகுகிறது என்பாள், மகள் இளைத்துவிட்டாள் என்பாள். இப்படியே பதினெட்டு நாள் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அவள் படுக்கை விரிப்பை அலசி, மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். குழாய் இல்லை, தாள் இல்லை, யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஈரக்கையோடு கட்டில் பக்கத்தில் நின்று, ‘ஆயாம்மா, ஆயாம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வேலையிலிருந்து ஓடி வந்த மகள், அழுது ஓய்ந்தபின் கேட்டாள். “கடைசியா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களாப்பா?”

“கதவைத் திறந்து வச்சுட்டுப் போங்க, காத்து வரட்டும்னு சொன்னா.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லம்மா” என்றார் மோட்டார்காரர். “நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லவே இல்ல.”