விரல் எண்ணும் தூரம்

“…தண்ணி மட்டும் ஊத்தாதீங்கடா, பொங்கிடும்! மச்சான், கண்ணத் தொறக்காத. என்னைக் கெட்டியா புட்ச்சிக்கோ, பறந்துரலாம்.”

சொல்லிக்கொண்டே எத்திராஜ் பைக்கை உதைத்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு கழுவும் தொட்டியருகே பல வருஷமாக நானும் அவனும் ஒரே ஷிப்ட். அன்று ஆவி படிந்த பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தேன். காஸ்டிக் சோடா கரைசல் இடது கண்ணில் தெறித்தது. மூட்டையில் வரும் காஸ்டிக் செதிலில் தண்ணீர் பட்டால் சூடேறிப் பொங்கும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதைக் கண்ணுக்கும் பொருத்திவிட்டோம். யாரோ நீட்டிய தண்ணீர்க் குவளையை நானும்தான் தள்ளிவிட்டேன்.

சென்னைக் கண் மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “அடிபட்ட எடத்துலயே எவ்ளோ நேரம் கழுவுனீங்க?”

“கழுவவே இல்ல மேடம்” என்றேன்.

“குழாயத் தொறந்து அரைமணி நேரம் விட்டிருக்கணும். அப்புறம்தான் வண்டி.”

காஸ்டிக்கோ சுண்ணாம்போ, உங்கள் கண்ணில் பட்டாலும் பிள்ளை கண்ணில் பட்டாலும் அதே இடத்தில் தண்ணீர் விடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

“டீ வாங்கினு வரேன் மச்சான்” என்று எத்திராஜ் எழுந்து போனான். திரும்பி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

புண் ஆறியது, பார்வை வரவில்லை. கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் ஸ்டெம் செல்கள் (கருவிழியின் மேல்தோலை ஓயாமல் புதுப்பிக்கும் மூலச் செல்கள்) இருக்கின்றனவாம். என்னுடையவை வெந்துபோயின. வெள்ளைத் தோல் கருவிழிமேல் படர்ந்தது. ஃபைலில் ‘கையசைவு மட்டும்’ என்று எழுதினார்கள். கை ஆடினால் தெரியும், விரல் தெரியாது.

வலது கண்ணின் ஓரத்திலிருந்து நொய்யரிசி அளவு துண்டு எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, இடது கண்ணில் பனிக்குடச் சவ்வு (பிரசவமான யாரோ ஒரு தாய் தானமாகத் தந்தது) விரித்து அதன்மேல் ஒட்டுவார்கள் என்றார் டாக்டர்.

என் மனைவி மல்லிகா கேட்டாள்: “இருக்கறது ஒரு கண்ணு. அதுலயும் கத்தி வெக்கணுமா மேடம்?”

“கொஞ்சம் ரிஸ்க் இருக்கும்மா. இல்லன்னு சொல்லமாட்டேன்.”

நான்கு நாள் வலது கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தேன். அந்த இருட்டுக்குள் யாரையும் துணைக்குக் கூப்பிட முடியாது. ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுப் பெண். சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடியபோது கண்ணில் பீய்ச்சியதாம். அவளுக்கும் இதே சிகிச்சை. “அங்கிள், உங்க கண்ணுல யாரு சுண்ணாம்பு அடிச்சது?”

“நானேதான் பாப்பா.”

அறுவை முடிந்து ஒருநாள் இரண்டு கண்ணிலும் கட்டு. வராண்டாவில் செருப்பு இழுபடும் சத்தமெல்லாம் எத்திராஜாகவே கேட்டது. “டீக்குப் போன மனுஷன் ஊட்டிக்கே போயி எல பறிக்கிறாரா?” என்றாள் மல்லிகா. சிரித்தால் தையல் இழுத்தது.

பிறகு வீடு. மல்லிகா கம்பெனி பஸ் ஏறிவிட்டால் நானும் சொட்டு மருந்தும்தான். மணி பார்ப்பது நின்றுபோயிற்று. இரண்டு சொட்டுகளுக்கு நடுவில் இருந்ததுதான் எனக்கு நேரம். மாதங்கள் போயின. ஃபைலில் ‘விரல் எண்ணிக்கை, இரண்டு மீட்டர்’ என்று வந்தது: அந்தத் தூரம் வரை நீட்டிய விரல்களை எண்ண முடியும். அதைத் தாண்டுமா என்று டாக்டரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலடி தள்ளி, கேட்டருகே நீலமாக ஒரு சட்டை. முகம் கலங்கல். ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் அந்த நிலை எனக்குத் தெரியும்.

“டீ ஆறிப்போச்சாடா மச்சான்?”

எத்திராஜின் குரல் வந்தது. “எந்தக் கண்ணுல பாத்த?”

“நாம ரெண்டு பேரும் கெடுத்த கண்ணுலதான்.”

அவன் உள்ளே வரவில்லை. கையைத் தூக்கினான். “இது எத்தினி?”

“மூணு.”

ஓரடி பின்னால் போனான். “இப்போ?”

“ரெண்டு.”

இன்னும் ஓரடி. இன்னும் ஒன்று. தெருக்குழாயருகே போனதும் விரல்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன.

“தெரியலடா” என்றேன்.

ஓரடி முன்னால் வந்து, மறுபடி கையைத் தூக்கினான்.